டேங்குக்கு மூச்சு முட்டினால்: பழைய காரின் வென்ட் கோளாறு, அடியிலிருந்து

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் வந்து, "வண்டி அரை மணி நேரம் ஜம்மென்று ஓடுகிறது, அப்புறம் திணறித் திணறி நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி கிளம்பிவிடுகிறது" என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு தீர்ப்பு வரும். ஃப்யூல் பம்ப் போயிருக்கும் என்பார் ஒருவர். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் சூடாகி மக்கர் செய்கிறது என்பார் இன்னொருவர். குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும் வேப்பர் லாக்தான், சந்தேகமே இல்லை என்பார் மூன்றாமவர். "டேங்க் வென்ட் அடைத்திருக்கும், மூடியில் ஒரு ஓட்டையைப் போட்டுவிடு" என்பார் நாலாமவர். இந்தக் கடைசி யோசனையில் முன்பாதி பல நேரம் சரியாக இருக்கும், பின்பாதி பல நேரம் ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

வேறொருவர் வந்து, "கார் நிறுத்தியிருக்கும் இடம் முழுக்க பெட்ரோல் நாற்றம்" என்று சொன்னாலும் அதே ஆட்கள் "அது வென்ட் பிரச்சினை" என்றுதான் சொல்வார்கள். இரண்டும் வென்ட் பிரச்சினைதான், ஆனால் நேர் எதிரானவை. முதலாவதில் டேங்குக்குள் காற்று போக வழியில்லை. இரண்டாவதில் உள்ளே பெருகும் ஆவி, போக வேண்டிய வழி கிடைக்காமல் கிடைத்த சந்தில் எல்லாம் வெளியே வருகிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் கை வைத்தால் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை வரவழைத்துக்கொள்வோம். நானே பம்பையும் காயிலையும் மாற்றிய பிறகுதான் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன். புதிதாகப் பழைய கார் வாங்கியவர்கள் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

## ஒற்றை ஓட்டை போட்ட எண்ணெய் டின்

மூடி முத்திரையிட்ட எண்ணெய் டின்னில் ஓரத்தில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். முதலில் கொஞ்சம் வரும், அப்புறம் நின்றுவிடும், பிறகு "களக் களக்" என்று விட்டு விட்டு வரும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டதும் நூல் பிடித்த மாதிரி சீராக ஊற்றும். அந்த இரண்டாவது ஓட்டை வழியாக எண்ணெய் எதுவும் வரவில்லை, காற்றுதான் உள்ளே போகிறது. வெளியேறிய எண்ணெயின் இடத்தை நிரப்ப ஏதாவது ஒன்று உள்ளே வந்தாக வேண்டும். வரவில்லையென்றால் எண்ணெயும் நகராது.

பெட்ரோல் டேங்கும் இதே டின்தான். பம்ப் பெட்ரோலை உறிஞ்சுகிறது, உறிஞ்சிய அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அந்தக் காற்று வந்து போகும் வழிக்குத்தான் வென்ட் என்று பெயர். அது மூடியில் உள்ள ஊசித் துளையாக இருக்கலாம், டேங்கின் மேலிருந்து கிளம்பும் ஒரு மெல்லிய குழாயாகவும் இருக்கலாம்.

எவ்வளவு காற்று தேவைப்படும்? கார் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தருகிறது, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 6 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 100 மில்லி. அரை டம்ளர் காற்று, ஒரு நிமிடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. அவ்வளவுதான். குண்டூசி நுழையும் அளவு துளை இருந்தாலே இதற்குப் போதும். அதனால்தான் வென்ட் பாதி அடைத்திருக்கும்போது எதுவும் தெரியாது. கிட்டத்தட்ட முழுதாக அடைக்கும்போதுதான் வெளியே தெரிகிறது, அப்போது அது திடீரென்று வந்த கோளாறு மாதிரி தோன்றும்.

## காற்றின் எடை நம் பக்கம் இருக்கும்வரை

காலி பிளாஸ்டிக் பாட்டிலை வாயில் வைத்து உறிஞ்சினால் அது நசுங்கும். நாம் உறிஞ்சியதால் பாட்டில் நசுங்கியது என்று நினைக்கிறோம். உண்மையில் நசுக்கியது வெளியே இருக்கும் காற்று. நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 1 கிலோ எடையை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறது. பாட்டிலுக்கு உள்ளேயும் அதே அழுத்தம் இருப்பதால் சமமாகிவிடுகிறது, தெரிவதில்லை. உள்ளே கொஞ்சம் குறைந்துவிட்டால் வெளியே இருப்பது ஜெயித்துவிடும். உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்துபோவதை இந்தக் கட்டுரை முழுக்கக் குறையழுத்தம் என்று சொல்லப்போகிறேன். பலர் வெற்றிடம் என்பார்கள், ஆனால் டேங்க் ஒருபோதும் வெறுமையாவதில்லை.

60 சென்டிமீட்டருக்கு 90 சென்டிமீட்டர் உள்ள ஒரு டேங்கின் மேல் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 5,400 சதுர சென்டிமீட்டர். உள்ளே அழுத்தம் வெறும் 5 சதவீதம் குறைந்தால் அந்தத் தகட்டின் மேல் 270 கிலோ ஏறுகிறது. நாலு பேர் ஏறி நின்ற மாதிரி. மெல்லிய இரும்புத் தகடு உள்ளே குழிவதில் ஆச்சரியமே இல்லை. டேங்க் குழிந்தால் கொள்ளளவு குறையும், உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காட்டும் மிதவையின் கை இடித்து ஃப்யூல் மீட்டர் தப்பான அளவு காட்டும், தையல் விளிம்புகள் விரிசல் விடும்.

பம்புக்கு இது எப்படித் தெரியும்? உள்ளே அழுத்தம் 10 சதவீதம் குறைந்தால், டேங்கை ஏறக்குறைய 1.4 மீட்டர் கீழே இறக்கி வைத்துவிட்டு அங்கிருந்து பெட்ரோலை இழு என்று பம்பிடம் சொல்வதற்குச் சமம். எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பழைய டயஃப்ரம் பம்ப், அதாவது ஒரு ரப்பர் சவ்வு மேலும் கீழும் போய் உறிஞ்சித் தள்ளும் பம்ப், இந்தக் கூடுதல் சுமையைக் கொஞ்ச தூரம்வரை தாங்கும். அப்புறம் தர வேண்டிய அளவைத் தர முடியாமல் பின்தங்கும்.

## டேங்க் நிறைய இருந்தால் சீக்கிரம் நிற்கும்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இதை நேர்மாறாக எதிர்பார்ப்பார்கள். பெட்ரோல் குறைவாக இருந்தால்தானே திணற வேண்டும்?

50 லிட்டர் டேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட நிரப்பிவிட்டீர்கள், மேலே 5 லிட்டர் காற்றிடம் மட்டும் இருக்கிறது. வென்ட் முழுக்க அடைப்பு. அரை லிட்டர் பெட்ரோல் போனதும் 5 லிட்டர் காற்று 5.5 லிட்டர் இடத்தில் விரிந்தாக வேண்டும், அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கமாகக் குறையும். நம் கணக்குப்படி அரை லிட்டர் என்பது 5 நிமிட ஓட்டம். அதே டேங்க் பாதி இருக்கும்போது காற்றிடம் 25 லிட்டர். அதே அளவு அழுத்தம் குறைய 2.5 லிட்டர் போக வேண்டும், 25 நிமிடம் ஆகும். நிஜத்தில் பெட்ரோல் ஆவியாகி அந்த இடத்தைக் கொஞ்சம் நிரப்பிக்கொள்வதால் இரண்டும் இன்னும் மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் விகிதம் இப்படித்தான் போகும்.

என் காரில் உண்மையைக் காட்டிக்கொடுத்தது இதுதான். மாதக்கணக்கில் அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் நின்றுகொண்டிருந்தது. ஒருநாள் டேங்கை நிரப்பிவிட்டுக் கிளம்பினேன், பத்தே நிமிடத்தில் நின்றது. எஞ்சின் முழுச் சூட்டுக்குக்கூட வரவில்லை, ஆகவே சூட்டைக் குறை சொல்ல முடியாது. பின்னால் போய் மூடியைத் திருகினேன், வழக்கமாக இரண்டு விரலில் திறப்பது உள்ளங்கை முழுக்கப் போட்டுத் திருக வேண்டியிருந்தது. மெல்ல விட்டதும் "ஸ்ஸ்ஸ்..." என்று நாலைந்து விநாடி உள்ளே இழுத்தது. சத்தம் அடங்கும்போது அடியில் எங்கேயோ தகடு "டொப்" என்று பழைய நிலைக்குத் திரும்பியது. ஸ்டார்ட்டரை இருபது விநாடி போல விட்டு விட்டுச் சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: பெட்ரோல் போன இடத்துக்குக் காற்று வரவில்லையென்றால் டேங்கில் குறையழுத்தம் சேரும், பம்ப் தோற்கும், எஞ்சின் பட்டினியில் நிற்கும். டேங்க் எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் நிற்கும்.

## டேங்க் மூச்சை வெளியேயும் விடும்

வெயிலில் கிடந்த பெட்ரோல் கேன் உப்பிப்போய் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு காரணம். ஒன்று, பெட்ரோல் சூடானால் விரியும். 50 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 1 லிட்டர் கூடிவிடும். பெட்ரோல் பங்க்கில் தரைக்கடியில் இருக்கும் குளிர்ந்த டேங்கிலிருந்து விளிம்புவரை நிரப்பிக்கொண்டு வந்து காரை வெயிலில் நிறுத்தினால், அந்த ஒரு லிட்டர் எங்கேயாவது போக வேண்டும்.

இரண்டாவது காரணம் ஆவி. திரவத்தின் மேல் அதன் ஆவி கொடுக்கும் அழுத்தத்துக்கு ஆவியழுத்தம் என்று பெயர். பெட்ரோலுக்கு இது மிக அதிகம், சூடு ஏற ஏற வேகமாகக் கூடும். பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல, பல திரவங்களின் கலவை. அதில் உள்ள லேசான பகுதிகள் 35 முதல் 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ஆகவே வெயிலில் நிற்கும் காரின் டேங்க் சும்மா இருக்கும்போதும் ஆவியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இரவில் குளிர்ந்ததும் உள்ளே இழுக்கும். ஓடாத காரும் தினமும் ஒருமுறை மூச்சை விட்டு இழுக்கிறது.

வெளியே போகும் வழி அடைத்தால் டேங்கில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் பெட்ரோலைப் பம்பின் வழியாகவே முன்னால் தள்ளும், ஏனென்றால் பம்பின் வால்வுகள் முன்பக்கம் மட்டுமே திறக்கும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டரில் ஒரு மிதவையும் அது மூடித் திறக்கும் நீடில் வால்வும் இருக்கும், உள்ளே தேவையான அளவு பெட்ரோல் வந்ததும் வழியை அடைப்பது அதன் வேலை. தேய்ந்த நீடில் வால்வால் எஞ்சின் அணைத்த பிறகும் வந்து முட்டும் இந்த அழுத்தத்தைத் தாங்க முடியாது. பெட்ரோல் வழிந்து எஞ்சினுக்குள் இறங்கும், சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாது, நிறைய இறங்கினால் எஞ்சின் ஆயிலோடு கலந்து அதை நீர்த்துப்போக வைக்கும். கார்பரேட்டரைக் கழற்றிக் கழற்றிச் சுத்தம் செய்து சலித்தவர்கள் பின்பக்க மூடியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

## வென்ட் எங்கே இருக்கும்

இது காரின் வயதைப் பொறுத்தது. 1960-கள்வரை வந்த பெரும்பாலான கார்களில் மூடியிலேயே ஒரு சிறு துளை இருக்கும், பெட்ரோல் அலம்பினால் நேராக வெளியே தெறிக்காமல் இருக்க உள்ளே ஒரு தடுப்புத் தகடும் இருக்கும். சில கார்களில் டேங்கின் மேலிருந்தோ பெட்ரோல் ஊற்றும் கழுத்திலிருந்தோ ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, வண்டியின் உடம்புக்குள் வளைந்து போய், வெளிக்காற்றில் திறந்துகொள்ளும்.

அப்புறம் ஆவி காற்றை மாசுபடுத்துவதைத் தடுக்கச் சட்டம் வந்தது. கலிஃபோர்னியாவில் 1970 மாடல் கார்களுக்கும், அமெரிக்கா முழுக்க 1971 மாடல்களுக்கும் ஆவியைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு கட்டாயமானது. இந்தக் கார்களில் ஆவி வெளியே போகாமல் கரிக் குடுவைக்குப் போகும். துளைகள் நிறைந்த கரித் துண்டுகள் ஆவியைப் பஞ்சு மாதிரி பிடித்துக்கொள்ளும், எஞ்சின் ஓடும்போது அதையே உறிஞ்சி எரித்துவிடும். இந்த ஏற்பாட்டில் மூடி பெரும்பாலும் அடைத்த மூடிதான், அதாவது துளையே இல்லாதது. டேங்க் மூச்சுவிடுவது குடுவை வழியாக.

இப்போது வம்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். துளையுள்ள மூடியும் அடைத்த மூடியும் வெளியிலிருந்து பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும், ஒரே கழுத்தில் பொருந்தவும் பொருந்தும். பழைய மூடி துருப்பிடித்ததென்று யாரோ ஒருவர் புதிதாக ஒன்று, சாவி போட்டுப் பூட்டுகிற மாதிரி ஒன்று வாங்கி மாட்டியிருப்பார். மூடி வழியாகவே மூச்சுவிடும் காருக்கு அடைத்த மூடி மாட்டினால் அன்றிலிருந்தே மூச்சு முட்டும். கரிக் குடுவை உள்ள காருக்குத் துளையுள்ள மூடி மாட்டினால் நாற்றம் வரும். காரை வாங்கும்போதே தப்பான மூடி இருந்திருக்கலாம், ஆகவே "மூடியை நான் தொடவே இல்லை" என்பது ஒரு பதிலே அல்ல.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது வகை உண்டு. உள்ளே வலுவில்லாத ஸ்பிரிங் வைத்த வால்வுகள் இருக்கும். காற்றை எளிதாக உள்ளே விடும், ஆவியைக் கொஞ்சம் அழுத்தம் ஏறும்வரை பிடித்துவைத்து அப்புறம்தான் வெளியே விடும். இந்த மூடி உள்ள காரில் வெயில் நாளில் மூடியைத் திறந்தால் லேசாக "புஸ்" என்று வெளியே வருவது இயல்பு. அதைக் கோளாறு என்று நினைத்துக் கையை வைக்க வேண்டாம்.

## சத்தம் எந்தத் திசையில்

ஆக, மூடியைத் திறக்கும்போது சத்தம் வருகிறதா என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள், எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். உள்ளே இழுத்தால் மூடி கழுத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். வெளியே தள்ளினால் மூடி துள்ளும், பெட்ரோல் வாடை முகத்தில் அடிக்கும். முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் திறங்கள், அழுத்தம் ஏறியிருந்தால் பெட்ரோலே தெறிக்கும்.

கொஞ்ச தூரம் ஓடிய பிறகு பலமாக உள்ளே இழுப்பது எந்தக் காரிலும் சரியல்ல. லேசாக வெளியே தள்ளுவது பெரும்பாலும் சரி. பலமாக, வெகுநேரம் வெளியே தள்ளினால் வெளியேறும் வழி அடைப்பு.

எஞ்சின் நிற்கும் விதமும் பேசும். பெட்ரோல் பட்டினியில் எஞ்சின் படிப்படியாகச் சாகும். முதலில் மேட்டில் ஏறும்போதும் வேகத்திலும் இழுவை போகும், ஆக்சிலரேட்டரை விட்டால் கொஞ்சம் தேறும். ஐட்லிங்கில் பெட்ரோல் தேவை மிகக் குறைவு என்பதால் நின்ற இடத்தில் நன்றாகவே ஓடும். சுவிட்சை அணைத்த மாதிரி ஒரே நொடியில் செத்தால் மின்சாரப் பக்கம் தேடுங்கள்.

## வேப்பர் லாக்கோடு குழப்பிக்கொள்வது

பெட்ரோல் குழாயிலோ பம்பிலோ சூட்டினால் பெட்ரோல் கொதித்து ஆவிக் குமிழியாகி, பம்ப் திரவத்துக்குப் பதில் ஆவியை அமுக்கிக்கொண்டு ஒன்றும் நகராமல் போவதுதான் வேப்பர் லாக். இதற்குத் தேவை சூடு. வென்ட் அடைப்புக்குச் சூடு தேவையில்லை, குளிர்ந்த காலையிலும் வரும்.

ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று உறவு. மலை உச்சியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிக்கும், அங்கே காற்றழுத்தம் குறைவு. அதேபோல டேங்கில் குறையழுத்தம் இருந்தால் பம்புக்கு வரும் குழாயிலும் அழுத்தம் குறையும், பெட்ரோல் வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஆகவே பாதி அடைத்த வென்ட் உள்ள காருக்கு வெயில் நாளில் மட்டும் வேப்பர் லாக் வருகிற மாதிரி தெரியும். குழாய்க்குத் துணி சுற்றி, தகரம் வைத்து மறைத்து என்னென்னவோ செய்தும் தீராத வேப்பர் லாக் இருந்தால் நான் முதலில் வென்ட்டைத்தான் பார்ப்பேன்.

சுருக்கமாக: உள்ளே இழுக்கும் சத்தமும் படிப்படியான திணறலும் சேர்ந்தால் வென்ட். சூட்டில் மட்டும் வந்து, மூடி திறந்தும் தீராமல், குளிர்ந்தால் தீர்ந்தால் வேப்பர் லாக்.

## மூடியைத் திறக்கும் சோதனையை எப்படிச் சரியாகச் செய்வது

இந்தச் சோதனை எல்லோருக்கும் தெரியும், பெரும்பாலோர் தப்பாகச் செய்வார்கள். கார் நிற்கும், இறங்குவார்கள், பானட்டைத் திறந்து பத்து நிமிடம் பார்ப்பார்கள், அப்புறம் பின்னால் போய் மூடியைத் திறந்து மூடுவார்கள், ஸ்டார்ட் செய்வார்கள், கிளம்பிவிடும். "மூடியைத் திறந்தேன், சரியாகிவிட்டது, ஆகவே வென்ட்." ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் காயிலும் ஆறியிருக்கும், கொதித்த பெட்ரோலும் அடங்கியிருக்கும். எது சரிசெய்தது என்று எப்படிச் சொல்வது?

இரண்டு முறை செய்ய வேண்டும். முதல் முறை, கார் நின்றதும் உடனே, காரைப் பத்திரமாக ஓரம் கட்டிவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் மூடியைத் திறந்து மூடி ஸ்டார்ட் செய்யுங்கள். கார்பரேட்டர் காலியாகியிருக்கும், பம்ப் அதை நிரப்ப அவகாசம் கொடுங்கள், ஒரே மூச்சில் ஸ்டார்ட்டரைச் சுற்றாமல் விட்டு விட்டுச் சுற்றுங்கள். இரண்டாம் முறை நிற்கும்போது மூடியைத் தொடவே வேண்டாம், அதே ஒரு நிமிடத்தில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதல் முறை பிடித்து, இரண்டாம் முறை பிடிக்கவில்லை என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை.

பத்து நிமிடம் மூடியைத் தொடாமல் விட்டாலும் கிளம்புகிறதே, அப்படியானால் வென்ட் இல்லையா என்று கேட்கலாம். அப்படியும் சொல்ல முடியாது. கொஞ்சமாவது கசியும் வென்ட் என்றால் அந்தப் பத்து நிமிடத்தில் மெதுவாகக் காற்றை உள்ளே விட்டிருக்கும். அதனால்தான் அந்த ஒரு நிமிடக் கணக்கு முக்கியம்.

மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்ப்பதும் ஒரு வழி. ஆனால் டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது மட்டும், நெரிசல் இல்லாத நேரான சாலையில், கொஞ்ச தூரம் மட்டும். திருப்பத்தில் பெட்ரோல் அலம்பி வெளியே வரும்.

## அடைப்பைத் தேடிப் போவது

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். பெட்ரோல் ஏறக்குறைய மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். திறந்த வெளியில் வேலை செய்யுங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எந்தக் குழாயையும் வாயால் உறிஞ்சவோ ஊதவோ வேண்டாம்.

மூடியிலிருந்து தொடங்குங்கள், அது எளிது. துளை உள்ள வகையா என்று பாருங்கள், துளை தெரிந்தால் மெல்லிய கம்பி நுழைகிறதா என்று பாருங்கள். மெழுகு பாலிஷ் போட்டுப் போட்டு அடைத்த மூடிகளையும், மறுபடி பெயின்ட் அடித்தபோது துளையோடு சேர்த்து மூடிவிட்ட மூடிகளையும் பார்த்திருக்கிறேன். வால்வு உள்ள வகையென்றால் துரு, பிசுக்கு. கழுவியும் அசையவில்லையென்றால் அந்தக் கார் மாடலுக்குரிய சரியான மூடியைத் தேடி வாங்குவதுதான் வழி.

அடுத்து குழாய். டேங்கில் தொடங்கும் இடத்திலிருந்து காற்றில் முடியும் இடம்வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். டிக்கியின் கார்ப்பெட்டுக்கு அடியில் மடங்கியிருக்கலாம். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே உப்பி ஒட்டிக்கொண்டிருக்கலாம், எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்காத பழைய ரப்பரில் இது சகஜம். ஹோஸை இரு பக்கமும் டேங்கிலிருந்து கழற்றிய பிறகே காற்று ஊதுங்கள். டேங்கோடு சேர்த்து கம்ப்ரஸர் காற்றை ஒருபோதும் விடாதீர்கள். 5 சதவீதத்துக்கே 270 கிலோ என்று பார்த்தோம், கம்ப்ரஸரில் இருப்பது அதைப்போல நூறு மடங்குக்கும் மேல்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் அடைப்பு தீரவில்லையா? குழாய் போகும் பாதையைப் பாருங்கள். நடுவில் எங்காவது தொய்ந்து தாழ்ந்திருந்தால் அங்கே பெட்ரோல் திரவமாகத் தேங்கும். கை கழுவும் தொட்டிக்கு அடியில் வளைந்த குழாய் ஒன்றில் தண்ணீர் நின்று சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறதல்லவா, அதே வேலைதான். வென்ட் குழாய் டேங்கிலிருந்து மேலே ஏறி, கடைசியில் மட்டும் கீழே இறங்க வேண்டும். ஹோஸ் மாற்றியவர் அதைத் தாராளமாக நீளம் விட்டு மாட்டியிருந்தால் இந்தத் தொய்வு வந்துவிடும்.

கரிக் குடுவை உள்ள காரில், டேங்கை விளிம்புவரை அடிக்கடி நிரப்பியிருந்தால் திரவப் பெட்ரோல் குடுவைக்குள் போய்க் கரியை நனைத்திருக்கும். நனைந்து பொடிந்த கரி காற்றை விடாது. குடுவையைத் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்து குலுக்கினால் திரவம் அலம்பினால் அதை மாற்ற வேண்டியதுதான். சில கார்களில் வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் கொட்டாமல் தடுக்க ஒரு ரோல்ஓவர் வால்வு இருக்கும், உள்ளே ஒரு குண்டு. நிமிர்த்திப் பிடித்தால் காற்று போக வேண்டும், கவிழ்த்தால் அடைக்க வேண்டும். நிமிர்த்தியும் அடைத்தால் அதுதான் குற்றவாளி.

என் காரில் குழாயின் கடைசி முனையில் கிடைத்தது மண். சாம்பல் நிறத்தில், இறுகி, சுண்டுவிரல் நுனி அளவு. குளவி கட்டிய கூடு. கம்பியால் குத்தியதும் உதிர்ந்து கொட்டியது, உள்ளே காய்ந்துபோன சிறு புழுக்களும் இருந்தன. பூச்சிகளுக்கு இந்த அளவுக் குழாய் என்றால் ரொம்ப இஷ்டம். 2011-ல் மாஸ்டா நிறுவனம் ஆயிரக்கணக்கான மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்ததே, டேங்கின் வென்ட் குழாயில் சிலந்தி வலை பின்னியதற்காகத்தான். பிரிஸ்பேன் விமான நிலையத்தில் விமானங்களின் வேகம் அளக்கும் குழாய்களில் குளவிகள் மண் அடைத்திருக்கின்றன. வெகுநாள் ஓடாமல் நிற்கும் காரென்றால் குழாயின் முனைக்கு மெல்லிய கம்பி வலை கட்டிவைக்கலாம், ஆனால் அதை அவ்வப்போது பார்க்கவும் வேண்டும், அதுவே தூசியால் அடைத்துக்கொள்ளும்.

## மூடியில் ஓட்டை போடலாமா

வேண்டாம். எஞ்சின் ஓடும், அதை மறுக்கவில்லை. ஆனால் தடுப்புத் தகடு இல்லாத நேரான ஓட்டை வழியாக ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்ரோல் வழிந்து பெயின்ட்டைத் தின்னும், மழையில் தண்ணீர் உள்ளே போய் டேங்க் துருப்பிடிக்கும், வண்டி கவிழ்ந்தால் அந்த ஓட்டை தாரையாகக் கொட்டும். கரிக் குடுவை உள்ள காரில் முழு ஏற்பாட்டையும் அது வீணாக்கிவிடும். நடுவழியில் மாட்டிக்கொண்டால் ஓட்டை தேவையில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மூடியைத் திறந்து மூடிக்கொண்டே வீடு வந்து சேரலாம்.

## சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்

அரை டேங்கோடு ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். முன்னால் போட்ட கணக்குப்படி அது எளிதான சோதனை. நிரப்புங்கள், விளிம்புவரை அல்ல, பெட்ரோல் பங்க்கின் பம்ப் முதல்முறை தானாக நிற்கும் இடம்வரை. பிறகு மேடு உள்ள சாலையில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, நிறுத்தியதும் மூடியில் கையை வையுங்கள்.

குளவிக் கூட்டை எடுத்த அன்று சாயங்காலம் நான் அப்படித்தான் போய் வந்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு, பின்னால் வந்து, இரண்டு விரலால் மூடியைத் திருகினேன். சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது.